கறுப்பு கேமன், உப்புத் தண்ணீர், வட்டக் கீறல்: வீட்டிலேயே கழுவிப் பளபளப்பாக்க

கேள்வி: கோவையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கறுப்பு போர்ஷே 718 கேமன். வாட்டர் சர்வீஸ் கடையில் நாலைந்து முறை விட்ட பிறகு, வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். கதவிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகள். பாலிஷ் மிஷின் வாங்கி நானே போட்டுவிடலாமா? இனி வீட்டில் கழுவுவதென்றால் எப்படி?

பதில்:

மிஷினை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தக் கீறல்கள் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. அந்தப் பழக்கத்தை மாற்றாமல் பாலிஷ் போட்டால் இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும். கிளியர் கோட் எனும் நிறமற்ற மேல்பூச்சு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும். கம்பெனி பெயிண்டில் பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். மேலே உள்ள கிளியர் கோட் அதில் சுமார் 40 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலைத் தாங்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துவிடும்; எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை.

அந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் தாறுமாறாக விழுந்த நேர்க்கீறல்கள்தான். சூரியனோ எல்.இ.டி. விளக்கோ ஒரே புள்ளியிலிருந்து அடிக்கும்போது, அந்தப் புள்ளியைச் சுற்றி சரியான கோணத்தில் இருக்கும் கீறல்கள் மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. 'வட்டமாகத் துடைத்ததால் வட்டக் கீறல்' என்று சொல்வதில் பெரிய பொருளில்லை. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே மண் இருந்தால், எந்தத் திசையில் துடைத்தாலும் கீறல்தான். ஆனால் உங்கள் பானெட்டில் மங்கலான பட்டைகள் வானவில் மாதிரி விளக்கோடு நகர்ந்தால் அது வேறு விஷயம்: யாரோ ரோட்டரி மிஷினில் கம்பளி பஃப் வைத்து ரப்பிங் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மண் எங்கிருந்து வருகிறது? அபார்ட்மெண்டில் ஒருவர் தினமும் காலையில் ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு துணியும் வைத்துக்கொண்டு பத்து காரைத் துடைக்கிறாரே, அங்கிருந்துதான் பாதி. முதல் காரின் சக்கரத்து மண் ஐந்தாவது காரின் பானெட்டுக்கு வந்துவிடும். உங்கள் காரைத் தொட வேண்டாம் என்று சொல்லி, மாதக் காசை மட்டும் வழக்கம்போல் கொடுத்துவிடுங்கள். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, மெழுகு தடவிய டஸ்டர், கடையில் தரையில் விழுந்து மறுபடி எடுக்கப்படும் ஸ்பாஞ்ச், இவையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் ஒருபோதும் தொடாதீர்கள். தூசியோடு ஓட்டிக்கொண்டு போனால் ஒன்றும் ஆகாது.

அடுத்தது தண்ணீர். கோவையில் ஒரு வசதி உண்டு. சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில் இருந்தால் வெள்ளைப் புள்ளிப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். அது அவ்வளவு மென்மையான தண்ணீர். போர் தண்ணீர் அப்படியில்லை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குப் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும், வாங்கி அளந்து பாருங்கள். உப்புத் தண்ணீர் பல இடங்களில் 1000-ஐத் தாண்டும். அப்படியென்றால் ஒரு லிட்டர் காய்ந்தால் ஒரு கிராம் உப்பு மிச்சம். அது கறுப்பு பெயிண்டின் மேல்தான் காயப் போகிறது.

இதற்காக முழுக் காரையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டியதில்லை. அலசுவதற்கும் நுரைக்கும் போர் தண்ணீரே போதும், எந்த இடத்திலும் காயவிடாமல் இருந்தால் சரி. கடைசி அலசலுக்கு மட்டும் 10 முதல் 15 லிட்டர் நல்ல தண்ணீர், 50 டி.டி.எஸ்.-க்குள் இருப்பது, வேண்டும். வீட்டு ஆர்.ஓ. மிஷினின் குடிதண்ணீரை முந்தைய நாளே பிடித்து வைக்கலாம். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் 8 லிட்டர் கைப்பம்ப் ஸ்பிரேயரைப் புதிதாக வாங்கி (மருந்து ஊற்றிய பழையது வேண்டாம்) அதில் ஊற்றி மேலிருந்து கீழாக அடித்தால் தண்ணீர் வீணாகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் கிட்டத்தட்ட உப்பில்லாததுதான். தெளிவாக இருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைக் காருக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சிக்கனம்தான், ஆனால் போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் செறிந்து இருப்பது அந்தக் கழிவில்தான். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் வெயில் இறங்கிய பிறகு. புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் கழுவ வேண்டாம். ஓட்டி வந்தவுடனும் வேண்டாம். சூடான பிரேக் டிஸ்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணலாகலாம்.

இனி கழுவும் வரிசை. முதலில் சக்கரம். சக்கரத்தைக் கடைசியில் கழுவினால், அந்த அழுக்குச் சிதறல் கழுவி முடித்த கதவில் போய் உட்காரும். அதற்கென்று தனி பக்கெட், தனி பிரஷ், தனி துணி. இவை பெயிண்ட் பக்கம் வரவே கூடாது. பிரேக் பேடிலிருந்து வரும் இரும்புத் தூள் சூட்டோடு ரிம்மில் ஒட்டியிருக்கும், ஷாம்புவுக்கு அசையாது. அயர்ன் ரிமூவர் அடித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஊதா நிறமாக வடியும். அழுகிய முட்டை வாடைதான்; இரும்பு கரைகிறது என்பதற்கு அடையாளம் அந்த ஊதா நிறம். காய்வதற்குள் பிரஷ் போட்டு நன்றாக அலசிவிடுங்கள். கடையில் அடிக்கும் ஆசிட் கிளீனர் வேண்டாம், ரிம்மின் மேல்பூச்சை மங்கவைத்துவிடும். ரிம்மின் உள்வட்டத்துக்கு நீளமான மெல்லிய பிரஷ் ஒன்று வாங்குங்கள். பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் கேமனில் பெரியது. அதற்கும் ரிம்முக்கும் நடுவே கை போகாது.

பிறகு பிரஷர் வாஷர். வீட்டு உபயோகத்துக்கு 100 முதல் 130 பார் போதும். விசிறி மாதிரி விரியும் 40 டிகிரி நாசில், பெயிண்டிலிருந்து குறைந்தது ஒரு அடி தள்ளி. கீழ்ப்பாதி, சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி இவற்றில் மண் அதிகம், அங்கே நேரம் செலவிடுங்கள். மூன்று இடங்களில் கவனம். கதவுக்குப் பின்னால் இருக்கும் பக்கவாட்டுக் காற்றுத் துளைகளுக்குள் நேராக அடிக்காதீர்கள், இன்ஜினுக்குக் காற்று போகும் வழி அது. முன் பம்பரின் துளைகளுக்குள் இருக்கும் ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகள் கிட்டத்தில் அடித்தால் மடங்கிவிடும். பி.பி.எஃப். எனும் பெயிண்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தில் அடிக்காதீர்கள், பிரிந்து வந்துவிடும்.

பி.பி.எஃப். இருக்கிறதா என்று பார்த்தீர்களா? செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்பக்கமாவது ஒட்டியிருப்பார்கள். பானெட் ஓரத்திலும் பம்பரின் விளிம்பிலும் நகத்தை மெதுவாக ஓட்டினால் மெல்லிய படி தட்டும். இருந்தால் நல்ல செய்தி: கீறல் அந்தப் படலத்தில்தான், கீழே பெயிண்ட் பத்திரம். நல்ல படலமாக இருந்தால் சிறு கீறல்கள் வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ தானே மறையும். அதன் மேல் பாலிஷ் மிஷின் ஓட்டக் கூடாது. மஞ்சளாகிப் போயிருந்தால் வழியில்லை, கழற்றிவிட்டு மாற்ற வேண்டியதுதான்.

அலசியதும் நுரை. நுரைத் துப்பாக்கியின் ஒரு லிட்டர் பாட்டிலில் 50 முதல் 80 மி.லி. ஸ்னோ ஃபோம், மீதி தண்ணீர். கீழிருந்து மேலாக அடித்து நாலைந்து நிமிடம் விடுங்கள், காயும் முன் அலசுங்கள். நுரையின் வேலை கண்ணுக்கு அழகு காட்டுவதல்ல. மண்ணை ஊறவைத்துக் கை படாமல் இறக்குவது. கை படும் முன் எவ்வளவு மண் போகிறதோ அவ்வளவு கீறல் குறையும். முழுக் கழுவலில் முக்கியமான கட்டம் இதுதான், அவசரப்படாதீர்கள். கீழ்ப்பாதியில் இன்னும் மண் தெரிந்தால் இரண்டாவது முறை அடியுங்கள்.

கையால் கழுவ இரண்டு பக்கெட். ஒன்றில் 10 லிட்டர் தண்ணீரும், பி.எச். நடுநிலையான கார் ஷாம்பு 20 முதல் 30 மி.லி.-யும் (பாட்டிலில் வேறு அளவு சொன்னால் அதுவே சரி). இன்னொன்றில் வெறும் தண்ணீர், அடியில் கிரிட் கார்டு எனும் சல்லடைத் தட்டு. மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவுங்கள். திரும்ப ஷாம்புவில் விடும் முன் வெறும் தண்ணீரில் சல்லடைமேல் தேய்த்து அலசுங்கள். மண் அடியில் தங்கும். வரிசை: கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் அடியும் பின் பம்பரும். அழுத்தாதீர்கள், கையுறையின் எடையே போதும். கையுறை கீழே விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு, வேறொன்று எடுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட், துணி சோப்புத்தூள் இரண்டும் வேண்டாம். பூசி வைத்திருக்கும் வாக்ஸையும் சீலண்டையும் அரித்துவிடும், ரப்பர் பீடிங்கையும் வறட்டிவிடும்.

கழுவும்போதே பின்பக்க ஸ்பாய்லரை அதற்கான பட்டனை அழுத்தித் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அது 120 கிலோமீட்டர் வேகத்தில்தான் தானாக எழும். ஊருக்குள்ளேயே ஓடும் காரில் மாதக்கணக்கில் மூடியே கிடப்பதால், அடியில் கறுப்புச் சேறும் காய்ந்த இலையும் சேர்ந்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துடைத்து, காய்ந்த பிறகு இறக்குங்கள்.

ஷாம்புவை அலசி, உடனே நல்ல தண்ணீரால் கடைசி அலசல். துடைக்க ஒரே ஒரு பெரிய டவல், 70-க்கு 90 செ.மீ. அளவில், முறுக்கு நூல் வைத்த தடித்த மைக்ரோஃபைபர். விரித்துப் பானெட்டில் போட்டு, இரண்டு முனையைப் பிடித்து உங்கள் பக்கம் மெதுவாக இழுங்கள். ஒரே இழுப்பில் தண்ணீரை உறிஞ்சும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஓரத்தில் தைத்த லேபிளை முதலிலேயே வெட்டிவிடுங்கள், அதுவே கீறும். கண்ணாடிச் சட்டம், விளக்கு, கதவுக் கைப்பிடி, லோகோ இவற்றின் இடுக்கிலிருந்து பத்து நிமிடம் கழித்துச் சொட்டு வடியும். கையில் பிடிக்கும் ஒரு சின்ன புளோயர் இருந்தால் அந்தத் தண்ணீரை ஊதி எடுத்துவிடலாம். டவலைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள், இழைகள் அடைத்துத் தண்ணீரை உறிஞ்சாது.

காரை நிறுத்தும் முன் தெருவில் ஒரு சுற்று ஓட்டி மெதுவாக நாலு தடவை பிரேக் பிடியுங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் காலையில் டிஸ்கில் ஆரஞ்சு நிறத் துரு தெரியும். முதல் பிரேக்கில் போய்விடும்தான், ஆனால் வாரக்கணக்கில் நிற்கும் காரில் பேட் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது இருக்கும் வெள்ளைப் புள்ளிகளுக்கு வருவோம். வெள்ளை வினிகரும் ஆர்.ஓ. தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் புள்ளிமேல் ஒன்றிரண்டு நிமிடம் வையுங்கள். நிழலில், குளிர்ந்த பெயிண்டில், ஒரு சின்ன இடத்தில் முதலில். பிறகு அலசுங்கள். மேலே படிந்த சுண்ணாம்பு உப்பாக இருந்தால் கரைந்துவிடும். வினிகருக்கும் போகாமல், விரலால் தடவினால் வழுவழுப்பாகவும் சாய்வாகப் பார்த்தால் வட்டமான பள்ளமாகவும் தெரிந்தால், அது கிளியர் கோட்டையே அரித்துவிட்டது, அதற்கு பாலிஷ்தான். கண்ணாடியில் பிடிவாதமாக நிற்கும் புள்ளிக்கு சீரியம் ஆக்ஸைடு கலந்த கண்ணாடி பாலிஷ் தனியாக உண்டு.

பறவை எச்சத்துக்குக் காத்திருக்கவே கூடாது. வெயிலில் சூடேறி இளகிய கிளியர் கோட் மேல் அது காய்ந்து இறுகும்போது அச்சு விழுந்துவிடும். ஈர டிஷ்யூவை அதன்மேல் ஐந்து நிமிடம் வைத்து ஊறவிட்டு, தேய்க்காமல் அப்படியே தூக்கி எடுங்கள். வேம்பு, புங்கை மரத்தடியில் நிறுத்தினால் பிசுபிசுவென்று படிவதற்கு ஐ.பி.ஏ. எனும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சரி. தாருக்கு டார் ரிமூவர். மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைக்கும் வழக்கம் நம் ஊரில் அதிகம். தார் போகும், எண்ணெய்ப் படலம் தங்கி மேலும் தூசியை இழுக்கும், அடிப்பகுதியில் பட்டால் ரப்பர் புஷ்கள் ஊறிப் பெருத்துக் கெட்டுவிடும். சர்வீஸ் கடையில் 'அடிக்கு டீசல் ஸ்பிரே' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நாலைந்து வாரம் இந்த முறையில் கழுவிப் பார்த்த பிறகு பாலிஷைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் க்ளே, அதாவது பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பெயிண்டைத் தடவுங்கள். மணல்தாள் மாதிரி சொரசொரத்தால் க்ளே தேவை. முதலில் பெயிண்ட் மீதும் அயர்ன் ரிமூவர் அடித்து அலசினால் க்ளேயின் வேலை பாதி குறையும். மென்மையான க்ளேயைத் தீப்பெட்டி அளவு எடுத்து, லூப்ரிகண்ட்டைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். அழுக்கு ஏறியதும் மடித்துப் புதுப்பக்கம் எடுங்கள். தரையில் விழுந்த க்ளே குப்பைக்குத்தான். வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், க்ளேயும் லேசாகக் கீறும்.

மிஷின் வாங்கினால் டி.ஏ. பாலிஷர் (சுற்றிக்கொண்டே அதிரும் வகை) மட்டும், 15 மி.மீ. அல்லது 8 மி.மீ. வீச்சு, 5 அங்குல பேட். ஒரே இடத்தில் சுற்றும் ரோட்டரி வேண்டவே வேண்டாம். கைப்பழக்கம் இல்லாதவர் கையில் அது ஓரங்களில் நொடியில் பெயிண்டைத் தின்றுவிடும். பெயிண்ட் தடிமன் மீட்டரை வாடகைக்காவது எடுங்கள். கேமனின் கதவுகள், முன் மூடி, பின் மூடி அலுமினியம். இரும்பை மட்டும் அளக்கும் மலிவான மீட்டர் அங்கே வேலை செய்யாது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே இந்த வகை எதுவுமே காட்டாது. 80 மைக்ரானுக்குக் கீழே காட்டும் இடத்தைத் தொடாதீர்கள். பி.பி.எஃப். இல்லாத இடத்தில் 200-க்கு மேல் காட்டினால் அந்தப் பகுதி பெரும்பாலும் மறுபடி பெயிண்ட் அடித்தது. அது விற்றவரிடம் பேச வேண்டிய விஷயம்.

கம்பவுண்ட் எனும் கடுமையான பாலிஷில் தொடங்காதீர்கள். மென்மையான பேட், ஃபினிஷிங் பாலிஷ், பானெட்டில் 50-க்கு 50 செ.மீ. சதுரம் ஒன்று. பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு. முதலில் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு 4 அல்லது 5-ஆம் வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து சுற்று, நொடிக்கு இரண்டு மூன்று செ.மீ. நகரும் அளவு நிதானமாக. மிஷினில் பேட் ஒட்டும் தட்டின் (பேக்கிங் பிளேட்) ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்று வெறுமனே அதிர்ந்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது. சத்தம்தான் வரும், கீறல் போகாது. முடித்ததும் ஒரு பங்கு ஐ.பி.ஏ., இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். துடைக்காமல் பார்த்தால் பாலிஷ் எண்ணெய் கீறலை மறைத்து ஏமாற்றும். 70 சதவீதம் போயிருந்தால் அதே சேர்க்கையில் முழுக் காரையும் முடியுங்கள். போகாவிட்டால் மட்டும் ஒரு படி கடுமையான பேட், பிறகுதான் கடுமையான பாலிஷ். மடிப்புக் கோடுகளிலும் ஓரங்களிலும் டேப் ஒட்டுங்கள். ஆழமான கீறலை விட்டுவிடுங்கள். நகம் சிக்கும் கீறல் பாலிஷில் போகாது, போகவைக்க முயன்றால் கிளியர் கோட் போய்விடும்.

மேலே பூச, நம் வெயிலுக்கு கார்னோபா வாக்ஸ் சில வாரம்தான் தாங்கும். செயற்கை சீலண்ட் அல்லது ஸ்பிரே வகை சிலிக்கா சீலண்ட் மூன்று நாலு மாதம் வரும், வீட்டிலேயே எளிதாகப் பூசலாம். செராமிக் கோட்டிங் கெடுதல் இல்லை, ஆனால் விளம்பரத்தில் சொல்லும் 9எச் என்பது பென்சில் கீறல் சோதனையின் அளவு; மண்ணோடு துடைத்தால் அதுவும் கீறும். இன்னொன்றை விற்பவர்கள் சொல்வதில்லை: தண்ணீர் முத்து முத்தாக நிற்கும் கோட்டிங்கில் உப்புத் தண்ணீர் காய்ந்தால் புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும்.

உள்ளே: டாஷ்போர்டுக்கு மினுமினுக்கும் சிலிகான் பாலிஷ் வேண்டாம், முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். ஈர மைக்ரோஃபைபரே போதும். ஸ்டீயரிங்கில் அல்காந்தாரா எனும் வெல்வெட் மாதிரித் துணி இருந்தால் மென்மையான பிரஷ், ஈரத்துணி, அவ்வளவே. டயருக்குத் தண்ணீர் கலந்த வகை டிரஸ்ஸிங் பூசிப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் ஓடும்போது சிதறிக் கதவில் கறுப்புப் புள்ளி. சாலையில் படும் பட்டையில் ஒருபோதும் பூசக் கூடாது.

கேமனில் பெரும்பாலோர் பார்க்காத இடம் முன் பம்பரின் இரண்டு பக்கத் துளைகள். இடமும் வலமும் ரேடியேட்டர், அதற்கு முன்னால் ஏசி கண்டென்சர். வால்பாறை, ஊட்டி என்று போய் வந்தால் காய்ந்த இலையும் பூச்சியும் உள்ளே போய் அடியில் தங்கும். மழையில் நனைந்து ஊறி கண்டென்சரை அரித்து, ஒரு நாள் ஏசி கேஸ் இறங்கிவிடும். மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்து, வேக்குவம் கிளீனரில் மெல்லிய குழாய் மாட்டி உறிஞ்சி எடுங்கள், ஊதாதீர்கள். ஊதினால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இன்னும் உள்ளே போகும். அங்கே ஏற்கெனவே அடைத்திருந்தால் பம்பரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அடுத்த சர்வீஸில் சொல்லிச் செய்யுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேரும் இலையையும் மழைக்காலத்துக்கு முன் எடுத்துவிடுங்கள், தண்ணீர் வடியும் வழி அடைபட்டால் உள்ளே கசியும்.

கவர் போடுவதானால் காற்று புகும் துணி, அதுவும் கழுவிக் காய்ந்த காருக்கு மட்டும். தூசியோடு மூடினால் காற்றில் கவர் அசையும் ஒவ்வொரு முறையும் உரசல்தான். ஒரு விதிவிலக்கு: உங்கள் பகுதியில் மயில் நடமாட்டம் இருந்தால் தூசி இருந்தாலும் மூடிவிடுங்கள். பளபளக்கும் கறுப்பு கதவில் தன் உருவத்தைப் பார்த்து இன்னொரு மயில் என்று நினைத்துக் கொத்தும். அந்தப் பள்ளத்துக்கு எந்தப் பாலிஷும் இல்லை.